வாசகர் கேள்விகள்: தண்ணீர் இல்லாத ஊரில் மூன்று ரயில்பாதைகள்

சென்ற இதழில், கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் லட்லோ என்ற ஊரின் படங்களை வெளியிட்டிருந்தோம். 1883-ல் ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடமாகத் தொடங்கிய ஊர் அது. தங்கச் சுரங்கத்துக்கு ஒரு பாதை, வெண்காரச் (போராக்ஸ்) சுரங்கங்களுக்கு ஒரு பாதை என்று மேலும் இரண்டு ரயில் கம்பெனிகள் அங்கிருந்து கிளம்பின. இன்று மிஞ்சியிருப்பவை ஒரு உணவகம், ஒரு விடுதி, பெட்ரோல் பங்க், கூரையில்லாச் சுவர்கள், ஒரு பழைய இடுகாடு. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாலைவனத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தம் என்கிறீர்கள். அங்கே தண்ணீர் ஏது?
— வாசகர், வில்லிவாக்கம்

ஏதுமில்லை! லட்லோவில் நல்ல கிணறு கிடையாது. மேற்கே சுமார் 50 கி.மீ. தள்ளி நியூபெரி என்ற இடத்தில் ஊற்று உண்டு. அங்கிருந்து டேங்க் வேகன்களில் தண்ணீரைக் கொண்டுவந்து லட்லோ தொட்டியில் நிரப்பினார்கள். எஞ்சின் குடித்தது போக மீதிதான் ஊருக்கு. ஹோட்டல், சலவை, சமையல் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் நடந்தன.

வில்லிவாக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2019 ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் உங்கள் ஊருக்குத்தானே வந்து இறங்கியது? நமக்கு அது சில மாதத்துச் சங்கதி. லட்லோவுக்கு அதுவே வாடிக்கை. அங்கே மழை எப்படிப் பெய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: அதே ரயில்பாதையில் முப்பது கி.மீ. சொச்சம் கிழக்கே பாக்தாத் என்றொரு நிலையம் இருந்தது. அங்கே 1912 அக்டோபர் 3 முதல் 1914 நவம்பர் 8 வரை, மொத்தம் 767 நாள், ஒரு சொட்டு மழை இல்லை. அமெரிக்காவில் பதிவான மிக நீண்ட மழையில்லாக் காலம் அதுதான்.

நீராவி எஞ்சின் எவ்வளவு குடிக்கும்? ஒரு டன் நிலக்கரி எரித்தால் ஆறு ஏழு டன் தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். சரக்கு இழுக்கும் நடுத்தர எஞ்சினுக்கு, பாரத்தையும் ஏற்றத்தையும் பொறுத்து, கி.மீ.க்கு 100 முதல் 250 லிட்டர் வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் சுமக்கும் டெண்டரில் 20,000 லிட்டர் பிடித்தால் ஏற்றத்தில் 80 கி.மீ. தாங்கும். அடிமட்டம் வரை ஓட்ட எந்த டிரைவரும் துணியமாட்டார். அடுத்த தொட்டி காலியாக இருந்துவிட்டால் நெருப்பை அணைத்துவிட்டு நடுவழியில் உட்கார வேண்டியதுதான். தண்ணீர் வேகன்களை இழுத்துவரும் எஞ்சினும் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யானைக்குத் தீனி சுமக்க இன்னொரு யானையைப் பிடித்த கதை!

லட்லோவுக்குக் கிழக்கே அந்தப் பாதையில் நிலையங்களின் பெயரைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஆம்பாய், பிரிஸ்டல், கேடிஸ், டான்பி என்று ஆங்கில அகரவரிசைப்படியே போகும். ஊர் இருந்து பெயர் வந்ததல்ல. எதிர் ரயிலுக்கு ஒதுங்க ஒரு லைனும், கேங்மேன் தங்க ஒரு கொட்டகையும் வேண்டியிருந்தன. என்ஜினீயர்கள் வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டே போய்விட்டார்கள். லட்லோவின் பெயரும் ரயில்காரர்கள் வைத்ததுதான். ரயில் பெட்டி பழுதுபார்த்த வில்லியம் லட்லோ என்பவருடையது.

பாலைவனத்து உப்புத் தண்ணீரையே பாய்லரில் ஊற்றியிருக்கலாமே? குடிக்கத்தானே நல்ல தண்ணீர் வேண்டும்?
— வாசகர், பெரம்பூர்

லோகோ ஒர்க்ஸ் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியா! மனிதனுக்கு ஆகாத தண்ணீர் பாய்லருக்கு அதைவிட ஆகாது.

சுண்ணாம்பு கலந்த தண்ணீர் கொதிக்கும்போது பாய்லர் குழாய்களின் மேல் படலம் கட்டும். போர்வெல் தண்ணீர் ஓடும் கீஸரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொருக்கு தெரியும். வீட்டில் அதனால் கரன்ட் பில்தான் ஏறும். எஞ்சினில் விஷயம் வேறு. ஃபயர் பாக்ஸின் தகட்டுக்கு அந்தப் பக்கம் நெருப்பு, இந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீர் சூட்டை உறிஞ்சுகிற வரைதான் தகடு பிழைக்கும். நடுவே பொருக்கு உட்கார்ந்துவிட்டால் சூடு தகட்டிலேயே தங்கி, இரும்பு இளகிப் புடைக்கும். குழாய் முனைகள் கசியத் தொடங்கும்.

இரண்டாவது தொல்லை, நுரை. ஆவி வெளியே போகும், உப்பு உள்ளேயே தங்கும். போகப் போக உள்ளே இருப்பது குழம்பாகிவிடும். ஏற்றத்தில் ஆவியைச் சிலிண்டருக்கு விடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் சோப்புத் தண்ணீர் மாதிரி பொங்கி, ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் பாயும். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் வந்து மோதினால் சிலிண்டர் மூடி பிய்த்துக்கொண்டு போகும். அதோடு, நுரைக்கும் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் பொய் சொல்லும். கண்ணாடியில் பாதி தெரியும், உள்ளே தகடு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருக்கும். பாய்லர் வெடிப்புக்கு நேர்வழி அதுதான்.

சோடா உப்புப் போட்டால் கெட்டிப் பொருக்கு ஆவதற்குப் பதில் சேறாக அடியில் படியும். அளவு கூடினால் அதுவே நுரையைக் கிளப்பிவிடும். ஓடும்போது அவ்வப்போது அடிவால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை வெளியே அடிக்க வேண்டும். பாலைவனத்தில் கொட்டுகிற ஒவ்வொரு லிட்டரும் ரயிலில் வந்தது என்பதால் அதற்கும் கை நடுங்கும்!

கடைசியில் வாஷ் அவுட். ஆவியை மெல்ல இறக்கி, பாய்லர் ஆறின பிறகு சுற்றிலும் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி, ஹோஸ் வைத்துப் பீய்ச்சி, வளைந்த கம்பியால் அடிச்சட்டத்து மூலைகளைச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டுச் சூடான தகட்டில் பச்சைத் தண்ணீர் அடித்தால் தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகள் தெறிக்கும். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிரப்புவதே முறை. கெட்ட தண்ணீர் ஊரில் இந்த வேலை அடிக்கடி வரும். அத்தனை நாளும் எஞ்சின் ஷெட்டில் படுத்துக்கிடக்கும்.

லட்லோ வழியே பெரிய பாதையை ஓட்டிய சான்டா ஃபே ரயில்வே 1941 முதல் சரக்கு ரயில்களுக்கு டீசல் எஞ்சின் வாங்கத் தொடங்கியபோது, முதலில் இறக்கிவிட்டது அரிசோனாவின் வின்ஸ்லோவிலிருந்து பார்ஸ்டோ வரையிலான இந்தப் பகுதியில்தான். தண்ணீர்ச் செலவே அதற்கு முக்கியக் காரணம். டீசல் வந்த பிறகு லட்லோ தொட்டிப் பக்கம் ரயில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

வெண்காரத்துக்காக ரயில்பாதை போட்டார்கள் என்று படித்தேன். பட்டறையில் நாங்கள் சிட்டிகைக் கணக்கில் வைக்கும் பொருள், ரயில் விடும் அளவுக்கு எங்கே போயிற்று?
— நகைப் பட்டறை வாசகர், சவுகார்பேட்டை

பற்றவைக்கும்போது இளக்கி ஓடவிடத்தானே நீங்கள் வைக்கிறீர்கள்? அதே வேலையைக் கண்ணாடி, எனாமல், பீங்கான் தொழிற்சாலைகளில் டன் கணக்கில் செய்கிறார்கள். சலவைக்கும் போனது. கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் அந்தக் குடும்பம்தான்.

வெண்காரத்தைச் சட்டியில் போட்டால் பொரிந்து பஞ்சாகும் அல்லவா? அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி, உள்ளே கட்டுண்ட தண்ணீர். சூடு பட்டதும் அது வெளியேறுகிறது. லட்லோவுக்கு வடக்கே டெத் வேலி என்ற பள்ளத்தாக்கில் செய்ததும் இதே வேலைதான். அங்கே வெட்டியது நேரடி வெண்காரம் அல்ல, கோல்மனைட் என்ற கல். உங்கள் வெண்காரத்தில் சோடியம் இருக்கும், அதில் சுண்ணாம்பு இருக்கும். அதை டெத் வேலி ஜங்ஷனில் சூளையில் வறுத்தார்கள். கோல்மனைட் படபடவென்று பொரிந்து மாவாகும். கூட வந்த களிக்கல் கட்டியாகவே நிற்கும். சலித்தால் சரக்கு வேறு, கல் வேறு. எடையிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீராகக் கழியும். அந்த அளவுக்கு ரயில் கூலி மிச்சம். சூடு குறைந்தால் பொரியாது. கூடினால் உருகிப் பாறை மாதிரி ஒட்டிக்கொண்டு சூளையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு முன் 1880-களில் கோவேறு கழுதை வண்டிகள்தான். பதினெட்டுக் கழுதை, இரண்டு குதிரை பூட்டி, இரண்டு பார வண்டி, பின்னால் 1,200 காலன் தண்ணீர்த் தொட்டி. 165 மைல் பயணம். பார வண்டி ஒவ்வொன்றிலும் சுமார் பத்து டன். அதைத் தூக்கி எறியத்தான் 'போராக்ஸ் ஸ்மித்' என்று அழைக்கப்பட்ட ஃபிரான்சிஸ் மாரியன் ஸ்மித், டோனோபா அண்ட் டைட்வாட்டர் ரயில்பாதையைப் போட்டார். சுரங்கத்திலிருந்து ஜங்ஷன் வரை மூன்றடி அகலக் குட்டி ரயில். அங்கிருந்து லட்லோவுக்குப் பெரிய பாதை, நம் மெட்ரோவுக்கு இருக்கும் அதே 1,435 மி.மீ. அகலம். குட்டி ரயில் சரக்கை ஜங்ஷனில் இறக்கி ஏற்றியாக வேண்டும். ஆனால் வறுப்பதற்கு எப்படியும் அங்கே இறக்க வேண்டியிருந்ததால் அந்தக் கூலி பாரமாகத் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனமான கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தது வேறொரு கல். 1920-களின் நடுவில், சான்டா ஃபே ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே கெர்னைட் என்ற கல் ஏராளமாகக் கிடைத்தது. அது சோடிய இனம், வெந்நீரில் கரையும், கரைத்துப் படிய வைத்தால் வெண்காரம். கோல்மனைட்டையோ சோடாவோடு வேகவைத்து மாற்ற வேண்டும். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போரான் என்ற புது ஊருக்குப் போய்விட்டது. சுரங்கத்துக் குட்டி ரயில் 1931-ல் நின்றது.

டோனோபாவுக்கும் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. அப்புறம் அந்தப் பெயர்?
— வாசகர், கொளத்தூர்

வெண்கார ரயிலின் பெயரைக் கேட்கிறீர்கள். டோனோபா நெவாடாவில் ஒரு சுரங்க ஊர், டைட்வாட்டர் என்றால் கடலோரம். ஆசைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் 1905-ல் லாஸ் வேகாஸிலிருந்து தொடங்குவதாகத்தான் திட்டம். மண் வேலை கொஞ்ச தூரம் ஆனபிறகு, அங்கே ரயில்பாதை வைத்திருந்த செனட்டர் வில்லியம் கிளார்க் இணைப்புத் தர மறுத்தார். பிறகு தானே ஒரு போட்டிப் பாதை போட்டார். ஸ்மித் மூட்டை முடிச்சோடு லட்லோவுக்கு இடம் மாறினார். இல்லாவிட்டால் லட்லோ இன்னொரு தண்ணீர்த் தொட்டியாகவே இருந்திருக்கும். 1907-ல் பாதை நெவாடாவின் பீட்டி பக்கம் போய்ச் சேர்ந்தது, சுமார் 270 கி.மீ. அதற்கு மேல் வேறு கம்பெனியின் தண்டவாளம்.

வறண்ட ஏரியின் மேல் தண்டவாளம் போட்டதாகப் படத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். மழையே இல்லாத ஊரில் அதனால் என்ன கெட்டுவிடும்?
— வாசகர், வேளச்சேரி

ஏரியில் கட்டினால் என்ன ஆகும் என்று வேளச்சேரிக்கு நாங்கள் சொல்லவா?

பாலைவனத்து ஏரிப்படுகை களிமண்ணால் ஆனது. காய்ந்தால் சிமென்ட் தரை. வெட்ட வேண்டாம், நிரப்ப வேண்டாம், வளைவே இல்லை. ஸ்லீப்பர் கட்டையை அடுக்கிக்கொண்டே போகலாம். கான்ட்ராக்டருக்கு அதைவிட மலிவான தரை கிடைக்காது. ஆனால் மொஹாவி ஆறு, நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி மலையில் பெய்த மழையைக் கொண்டுவந்து கொட்டும் கடைசிப் பள்ளம், டோனோபா பாதை கடந்த சில்வர் ஏரி என்ற அந்தப் படுகைதான். பாலைவனத்தில் மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. 1916 வெள்ளத்தில் சில்வர் ஏரி நிரம்பியது. நின்ற தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லாததால், வெயில் குடித்து முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். களிமண் ஊறிவிட்டால் பாரம் தாங்காது. ரயில் ஓடும்போது சேறு கட்டைகளுக்கு நடுவே மேலே பிதுங்கி ஜல்லியை விழுங்கும், தண்டவாளம் ஒருபக்கம் சாயும். கடைசியில் பாதையைக் கிழக்கே மேட்டுக்கு மாற்றினார்கள்.

வடக்கே அமர்கோசா பள்ளத்தாக்கில் இதைவிட மோசம். வெள்ளம் அடித்த இடங்களில் மரப்பாலங்களை மறுபடி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1933-ல் லட்லோவிலிருந்து க்ருசேரோ வரையிலான தென்பகுதியைக் கைவிட்டு, ஒர்க்‌ஷாப்பையும் டெத் வேலி ஜங்ஷனுக்கு மாற்றினார்கள். லட்லோவின் சம்பளக்காரர்கள் அப்போதே கிளம்பியாயிற்று. 1938 வெள்ளம் மிச்சத்தையும் உலுக்கியது. 1940 ஜூன் 14-ம் தேதி ரயில் நின்றது. போர்க்காலத்தில் இரும்புக்கு இருந்த கிராக்கியில் 1942-43-ல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கட்டைகள் மட்டும் பாலைவனத்தில் கிடந்தன. பார்ஸ்டோவில் எல் ராஞ்சோ என்ற விடுதியையே அந்தக் கட்டைகளை வைத்துக் கட்டினார்கள். அந்த வறட்சியில் கட்டை உளுத்துப் போவதில்லை.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. லட்லோவிலும் தங்கம் தீர்ந்ததால்தான் ஊர் காலியானதா?
— வாசகர், ஆவடி

தங்கம் அந்த ஊரின் பல சம்பாத்தியங்களில் ஒன்றுதான். லட்லோவுக்குத் தெற்கே சுமார் 12 கி.மீ.யில் பாக்தாத்-சேஸ் சுரங்கம், அதை ஒட்டி ஸ்டெட்மன் என்ற குடியிருப்பு. 1903-ல் லட்லோ அண்ட் சதர்ன் என்ற சின்ன ரயில் வந்தது. தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரிக்கத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். சுரங்கத்தில் அது இல்லாததால் கல்லையே ரயிலேற்றி பார்ஸ்டோவுக்கு அனுப்பினார்கள். டன்னுக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறாத தங்கத்துக்காக டன் முழுவதையும் சுமப்பதென்றால், தாதுவின் தரம் கொஞ்சம் இறங்கினாலும் கட்டாது.

தங்கவயலுக்கு பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் இருந்தது, 1902 முதல் சிவசமுத்திரத்து மின்சாரம் இருந்தது. அதனால்தான் அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கி.மீ.க்கும் கீழே போக முடிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகும் ஊர் காலியாகவில்லை. மாரிக்குப்பம் லைனைப் பிடுங்காமல் விட்டதை அதற்குப் பெரிய காரணமாகச் சொல்வோம். விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி வீடு திரும்ப முடிகிறது. லட்லோ மக்கள் எங்கே போய்த் திரும்புவது? பக்கத்து ஊர் பார்ஸ்டோவே 80 கி.மீ.!

ரயில் கைவிட்ட பிறகு அந்த ஊரைக் காப்பாற்றியது சாலை. 1926-ல் அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலை ஊர் வழியே போனது. பழைய கார்களின் ரேடியேட்டர் கொதித்தால் நின்றுதானே ஆக வேண்டும்? மறுபடியும் தண்ணீர் விற்ற பிழைப்பு. 1973-ல் நாற்பதாம் எண் விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிப் போயிற்று. ஆனால் இறங்க ஒரு வழி விட்டார்கள். இன்று இருக்கும் பெட்ரோல் பங்கும் உணவகமும் அந்த வழியை நம்பித்தான். அப்படி வழி கிடைக்காத பாக்தாத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

மகள் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறாள். ஜூன் மாதம் போகிறோம். லட்லோ பார்க்கலாமா?
— வாசகி, அண்ணா நகர்

ஜூனில் வேண்டாம் அம்மா. அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள்தான் நாம் என்று நினைக்காதீர்கள். அங்கே வியர்ப்பதே தெரியாது, உடனே காய்ந்துவிடும். தாகம் தெரிவதற்குள் தலை சுற்றும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

போவதென்றால், நகரிலிருந்து சுமார் 265 கி.மீ.; நாற்பதாம் எண் சாலையில் 50-ம் எண் வெளிவழி. பார்ஸ்டோவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், காருக்குத் தனியாக ஒரு கேன். பல இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது; மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். கிழக்கே ஆம்பாய் பக்கம் பழைய சாலையில் மரப்பாலங்கள் அடிக்கடி வெள்ளத்தில் பழுதாகி மூடப்படும். சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே அந்தப் பக்கம் திரும்புங்கள். வெள்ளைவெளேர் என்று காய்ந்து தெரியும் ஏரியில் காரை இறக்க மாப்பிள்ளை ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். மேலே பொருக்கு, கீழே சேறு.

சுரங்க வாய்க்குள் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. கூரையைத் தாங்கும் கட்டைகள் பலமிழந்திருக்கும், உள்ளே பிராணவாயு இல்லாத காற்று தேங்கியிருக்கும், இருட்டில் தரையோடு தரையாகச் செங்குத்துக் குழி இருக்கும். பழைய டைனமைட் கிடந்தால் தொடவே கூடாது. அதிலிருந்து கசியும் எண்ணெய் நைட்ரோகிளிசரின், லேசாக அசைத்தாலும் வெடிக்கும். எலிப் புழுக்கை கிடக்கும் பாழடைந்த அறைகளைக் கூட்டவோ கிளறவோ வேண்டாம். அந்தத் தூசியில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். ஸ்டெட்மன் பக்கம் சுரங்க உரிமை வைத்திருப்பவர்களின் நிலமும் உண்டு, பலகையைப் படித்துவிட்டு நில்லுங்கள். ஞாபகத்துக்கு ஒரு ஆணி, ஒரு கண்ணாடிப் புட்டி என்று பொறுக்குவதும் வம்பு. அரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஊரை ஒட்டி ஓடும் பெரிய ரயில்பாதை சாகவில்லை. சரக்கு ரயில்கள் இரவு பகலாக ஓடுகின்றன. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கக் கூடாது. 1999 அக்டோபர் 16 அதிகாலை, ஹெக்டர் மைன் நிலநடுக்கம் 7.1 அளவில் உலுக்கியபோது ஒரு பயணிகள் ரயில் தடம்புரண்டது இந்த லட்லோ பக்கத்தில்தான். டோனோபா பாதையைப் பார்க்க ஆசையென்றால் காலை ஏழு எட்டு மணிக்குப் போய், இந்தப் பெரிய பாதைக்கு வடக்கே பாருங்கள். சாய்வெயிலில் மட்டும், தரையைவிட ஒரு முழம் உயர்ந்த மண்மேடு ஏரிப்பக்கம் நேர்கோடாகப் போவது நிழலோடு தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே மணல்.